அத்தியாயம் 6: வியர்வைக்கும் புழுதிக்கும் ஈடுகொடுக்கும் ஹெட்செட்

வவுனியா, கிளிநொச்சிக் கடைகளில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாவுக்கும் புளூடூத் ஹெட்செட் தொங்குகிறது. அதைப்போல இருபது, முப்பது மடங்கு விலையிலும் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது. வாங்கிய அன்று இரண்டிலும் பாட்டு நன்றாகத்தான் கேட்கும். வித்தியாசம் தெரிவது ஆறாம் மாதத்தில். அதனால் இந்த அத்தியாயத்தில் ஒலியின் இனிமையைப் பற்றிப் பேசப் போவதில்லை. வன்னியின் வெயில், செம்மண் புழுதி, உடற்பயிற்சி வியர்வை, மாரி மழை இவற்றுக்குள் ஒரு ஹெட்செட்டை இரண்டு வருடமாவது ஓடவைத்து, கொடுத்த காசுக்குப் பயன் எடுப்பது எப்படி என்பதுதான் இங்கே விடயம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் ஓடவும் வேண்டும், இரவில் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் உறவோடு ஒரு மணித்தியாலம் கதைக்கவும் வேண்டும், கையில் இருக்கும் காசும் அளவானது என்றால் கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் வாங்குங்கள். தனித்தனியாகக் காதில் செருகும் இயர்பட்ஸ் பார்வைக்கு அழகு, சட்டைப் பைக்குள் அடங்கும். ஆனால் நம் ஊரில் அதைக் காப்பாற்றுவது கடினம், பழுதானால் திருத்துவது அதைவிடக் கடினம்.

எது முதலில் போகிறது?

பழுதுகள் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கும்.

1. பற்றரி. இயர்பட்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறத்தாழ 30 முதல் 60 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சிறு லித்தியம் பற்றரி இருக்கிறது. உங்கள் போன் பற்றரியில் நூறில் ஒரு பங்கு. சின்னது என்பதால் அடிக்கடி தீர்ந்து அடிக்கடி ஏறுகிறது; அதனால் சீக்கிரம் கிழடாகிறது.
2. சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகள். வியர்வையில் உப்பு உண்டு. வியர்த்த பட்ஸைப் பெட்டிக்குள் வைத்து மூடியதும் அந்த உப்பு நீரூடாக மின் பாய்ந்து புள்ளிகளை அரிக்கிறது. பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருந்தால் இதுதான் காரணம்.
3. ஒலி வரும் வலை. காதுக் குறும்பியும் புழுதியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பலரும் "ஸ்பீக்கர் போய்விட்டது" என்று எறிவது இப்படி அடைத்த ஹெட்செட்டைத்தான்.
4. நெக்பேண்டில் வயர் சேரும் இடமும் சார்ஜ் துளையின் ரப்பர் மூடியும். மூடி கழன்றுவிட்டால் நீர்த்தடுப்பும் அதோடு போயிற்று.
5. தொலைப்பது. ஓடும்போது ஒரு பட் விழுந்தால், குளக்கட்டுப் புல்லுக்குள் அதைத் தேடிப் பிடிப்பது அதிர்ஷ்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நாளுக்கு 3 மணித்தியாலம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,095 மணித்தியாலம். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 5 மணித்தியாலம் ஓடும் இயர்பட்ஸ் வருடத்துக்கு ஏறத்தாழ 219 முறை முழுதாகத் தீர்ந்து ஏற வேண்டும். 20 மணித்தியாலம் ஓடும் நெக்பேண்டுக்கு 55 முறை போதும். இந்த வகைப் பற்றரிகள் 300 முதல் 500 சுற்றுக்குள் தம் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுவது வழக்கம். இயர்பட்ஸ் இரண்டாம் வருடத்திலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. நெக்பேண்ட் தொடுவதற்குள் வேறு ஏதாவது உடைந்திருக்கும்.

விலையையும் மாதக் கணக்கில் பாருங்கள். உதாரணத்துக்கு, 2,000 ரூபாவுக்கு வாங்கியது 5 மாதத்தில் செத்தால் மாதம் 400 ரூபா. 6,000 ரூபா நெக்பேண்ட் 24 மாதம் ஓடினால் மாதம் 250 ரூபா. 24,000 ரூபா இயர்பட்ஸ் 30 மாதம் ஓடினால் மாதம் 800 ரூபா. மலிவானது மலிவல்ல, விலை கூடியதெல்லாம் இலாபமும் அல்ல. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது, 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதமாகியது. இறக்குமதிப் பொருளை வருடத்துக்கு இரண்டு முறை மாற்றும் பழக்கம் இதற்குப் பிறகு யாருக்கும் கட்டுப்படியாகாது.

நெக்பேண்டுக்கு இன்னொரு நன்மை: வயர் அறுந்தாலும் சார்ஜ் துளை ஆடினாலும் போன் திருத்தும் கடையில் ஈயம் வைத்து ஒட்டிவிடலாம். இயர்பட்ஸ் பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டவை, திறந்தால் உடையும். சாம்சங்கின் சில கலக்ஸி பட்ஸ் மாதிரிகளில் நாணயம் போன்ற பற்றரியைக் கழற்றி மாற்ற முடிகிறது. 2024 இல் ஃபெயார்ஃபோன் கொம்பனி பற்றரி மாற்றக்கூடிய இயர்பட்ஸ் விட்டது. கையடக்கக் கருவிகளின் பற்றரியைப் பயனரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2027 பெப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. அதன் பலன் நம் கடைகளுக்கு வந்து சேர இன்னும் காலம் எடுக்கும்.

பெட்டியில் எதை வாசிப்பது, எதை விடுவது

ஆங்கிலத்தில் "ஐபி" என்று தொடங்கும் குறியீட்டைத் தேடுங்கள். அதன் பின்னால் வரும் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் நீருக்கு. எண் இருக்க வேண்டிய இடத்தில் "எக்ஸ்" இருந்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பெண் தரப்படவில்லை என்று பொருள். பூச்சியம் என்று பொருளல்ல.

- ஐபிஎக்ஸ்4: எப்பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். உடற்பயிற்சிக்கு இதற்குக் கீழே இறங்க வேண்டாம்.
- ஐபிஎக்ஸ்5: குழாயிலிருந்து பாயும் நீர் வரை தாங்கும். மாரியில் நடப்பவர்களுக்கு ஏற்றது.
- ஐபிஎக்ஸ்7: ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம். ஆனால் 7 இருப்பதால் பாயும் நீருக்கான 5 உம் தானாக அடங்கிவிட்டது என்று எண்ணக்கூடாது. இரண்டும் வெவ்வேறு சோதனைகள்.
- ஐபி55, ஐபி57: முதல் 5 தூசிக்கானது. சோளகக் காற்று கிரவல் வீதிப் புழுதியை வாரி அடிக்கும் மாதங்களில் இதன் அருமை தெரியும். இரண்டு மாதிரிகளுக்கிடையில் தடுமாறினால் தூசி எண் உள்ளதை எடுங்கள்.

இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில், புதிய பொருளில் செய்யப்படுபவை. வியர்வைக்கும் முல்லைத்தீவுக் கடல் நீருக்கும் அவை உத்தரவாதம் தரா. இயர்பட்ஸின் சார்ஜ் பெட்டிக்குப் பல வேளைகளில் எந்த எண்ணும் இருக்காது. பட் நனைந்தால் பிழைக்கலாம். பெட்டி நனைந்தால் சந்தேகம்.

"40 மணித்தியாலம்" என்று பெரிதாக எழுதியிருப்பது பெட்டியில் உள்ள சார்ஜையும் சேர்த்து, பாதி ஒலியளவில், இரைச்சல் நீக்கும் வசதியை நிறுத்திவைத்து எடுத்த கணக்கு. ஒரு தடவைக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். புளூடூத் 5.3, 5.4 என்ற எண்களுக்காக மேலதிகக் காசு கொடுக்க வேண்டாம், 5.0 இருந்தாலே இந்தப் பாவனைக்குப் போதும். "16 பிட் பாஸ், டேர்போ, புரோ மாக்ஸ்" போன்ற சொற்களுக்குப் பெட்டியை நிரப்புவதைத் தவிர வேறு வேலை இல்லை.

கடையில் பத்து நிமிடம்

இணையத்தில் வாங்கினால் விலை கொஞ்சம் குறையலாம். ஆனாலும் முதல் ஹெட்செட்டை நேரில் வாங்குங்கள். காதுக்குப் பொருந்துமா என்பதைப் படம் காட்டாது. பழுதென்றால் போய் நிற்க ஒரு படியும் வேண்டும்.

1. உங்கள் போனையே கொண்டுபோய் இணைத்துப் பாருங்கள். கடைக்காரரின் போனில் வேலை செய்வது சான்றல்ல.
2. மூன்று அளவுச் சிலிக்கன் மூடிகளையும் கேளுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றில்லை.  
3. தலையை வலமும் இடமும் உதறுங்கள். வாயை நன்றாகத் திறந்து மூடுங்கள். நின்ற இடத்தில் நாலைந்து தரம் துள்ளுங்கள். வெட்கப்பட்டால் பிறகு குளக்கட்டில்தான் தேட வேண்டிவரும்.
4. வீதியோரமாக வந்து நின்று ஒருவருக்கு அழைப்பு எடுங்கள். பஸ் போகும் சத்தத்துக்குள் உங்கள் குரல் அவருக்குக் கேட்கிறதா என்று கேளுங்கள். பாட்டு நன்றாகக் கேட்கும் ஹெட்செட்டுகளில் பல இந்த இடத்தில்தான் தோற்கின்றன.
5. போனை மேசையில் வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து அடி நடந்து பாருங்கள். அதற்குள் ஒலி விட்டுவிட்டு வந்தால் வேண்டாம்.
6. இயர்பட்ஸ் என்றால் பெட்டியின் மூடியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். கீல் தளர்வாக இருந்தால் அது கழன்றுபோக நாளெடுக்காது.
7. சார்ஜ் துளை டைப்-சி ஆக இருக்கட்டும். பழைய மைக்ரோ துளை உள்ளதை மலிவு என்றாலும் எடுக்காதீர்கள்.
8. பற்றுச்சீட்டில் திகதி, மாதிரியின் பெயர், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் நான்கும் எழுதுவித்து, அங்கேயே படம் எடுத்து வையுங்கள். வெயில் நாட்டில் தெர்மல் தாளில் அடித்த சீட்டு சில மாதத்தில் வெளுத்துவிடும்.

போலி. பெயர்போன கொம்பனியின் இயர்பட்ஸ் பத்தில் ஒரு விலைக்குக் கிடைத்தால் அது போலி. வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்ததும் ஐபோனில் படம் எழுகிறது என்பதை நம்பாதீர்கள். போலிகளும் அதைச் செய்கின்றன. தொடர் இலக்கமும் உண்மைப் பெட்டியிலிருந்து நகலெடுக்கப்பட்டிருக்கலாம். போலியில் எனக்குக் கவலை ஒலியல்ல, உள்ளேயிருக்கும் பற்றரி. அது காதுக்குள் இருக்கும் பொருள்.

பாவித்ததை வாங்கலாமா? நெக்பேண்ட் என்றால் யோசிக்கலாம். இயர்பட்ஸ் வேண்டாம். பற்றரியின் வயதும் தெரியாது, யாருடைய காதில் இருந்தது என்பதும் தெரியாது.

பயிற்சி முடிந்ததும் செய்ய வேண்டியவை

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். இரணைமடுக் குளக்கட்டில் ஓடிவிட்டு வருபவரும், வைரவபுளியங்குளக் கரையில் நடப்பவரும், வீட்டு முற்றத்தில் தண்டால் எடுப்பவரும் ஒரே வரிசையில்தான் செய்ய வேண்டும்.

1. கழற்றியதும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். காற்சட்டைப் பைக்குள்ளும் போடாதீர்கள்.
2. காய்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். வியர்த்த துவாயின் நுனியால் துடைத்தால் உப்பைத்தான் திரும்பப் பூசுகிறீர்கள்.
3. நன்றாக நனைந்திருந்தால் நல்ல தண்ணீரில் துணியைத் தோய்த்துப் பிழிந்து ஒரு தரம் துடையுங்கள். உப்பு கரைந்து வந்துவிடும். பிறகு காய்ந்த துணி.
4. ஒலி வலை கீழ்நோக்கி இருக்க, நிழலில் அரை மணித்தியாலம் விடுங்கள். மின்விசிறிக் காற்று நல்லது. வெயிலும் தலைமயிர் உலர்த்தியும் கூடாது.
5. உலோகப் புள்ளிகள் காய்ந்துவிட்டன என்று பார்த்த பின் பெட்டிக்குள் வையுங்கள்.

கிழமைக்கு ஒருமுறை: சிலிக்கன் மூடிகளைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். மென்மையான, காய்ந்த பல் தூரிகையால் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டித் தட்டித் துலக்குங்கள். மேல்நோக்கிப் பிடித்தால் ஊத்தை உள்ளே போகும். உலோகப் புள்ளிகளுக்கு ஐசோபுரோபைல் அல்கஹோலில் தொட்ட பஞ்சு. அதை வலையில் படவிடாதீர்கள். மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று தருவதில் எண்ணெய் கலந்திருக்கலாம். காய்ந்தபின் பிசுக்கு நிற்கும். பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

செய்யக்கூடாதவை: குண்டூசியால் வலையைக் குத்துவது. வாயால் ஊதுவது (எச்சில் ஈரம் உள்ளே போகும்). அரிசிப் பானைக்குள் புதைப்பது. அரிசி ஈரத்தை இழுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் திறந்த காற்றில் வைப்பதைவிட அதனால் பெரிய பலன் இல்லை, மாவுத் தூசி துளைக்குள் போவதுதான் மிச்சம்.

கடலோரத்தவர்களுக்கு. முல்லைத்தீவுக் கடற்கரையில் ஓடுபவர்கள் உப்புக் காற்றையும் கணக்கில் எடுத்து, மேலுள்ள மூன்றாவது படியை ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கக் கறுப்பு மணலில் இரும்பு கலந்த இல்மனைட் இருக்கிறது. பட்ஸுக்குள்ளும் பெட்டிக்குள்ளும் காந்தம் இருப்பதால் அந்தத் துகள்கள் வலையோரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். துலக்கினால் போகாது, செலோடேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுங்கள். மணலில் துவாய் விரித்து அதன்மேல் வைப்பதைவிடத் தோள் பைக்குள் வைப்பது நல்லது.

கடலுக்குள் விழுந்துவிட்டதா? ஐபிஎக்ஸ்7 என்றால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, ஒரு முழு நாள் காயவிட்ட பிறகே சார்ஜ் போடுங்கள். அதற்கு முன் "வேலை செய்கிறதா" என்று பார்க்கும் ஆவலை அடக்குங்கள். ஈரத்தோடு மின் கொடுப்பதுதான் அதைக் கொல்கிறது.

சார்ஜும் வெயிலும்

லித்தியம் பற்றரியை 45 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்யக்கூடாது. நம் பக்கத்தில் நிழலிலேயே 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம், வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் ஆசனப் பெட்டிக்குள், வானின் முன் கண்ணாடியோரம்: இவை மூன்றும் பற்றரியின் எதிரிகள். இரவிலோ விடியற்காலையிலோ சார்ஜ் போடுங்கள்.

- முதல் நாள் முழுதாக ஏற்றிவிட்டு, போனில் இடம் இருந்தால் அதன் செயலியைப் போட்டு, "தேடு" வசதியை இயக்கி வையுங்கள். தொலைந்த பிறகு இயக்க முடியாது.
- ஒவ்வொரு தடவையும் பூச்சியம் வரை இறக்காதீர்கள். 20 சதவீதத்தில் போட்டால் போதும்.
- ஒரு மாதத்துக்கு மேல் பாவிக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் குளிரான அலுமாரிக்குள் வையுங்கள். முழுதாகத் தீர்ந்த நிலையில் வைத்துவிட்டால் பிறகு உயிர் வராமலே போகலாம்.
- புதிய ஹெட்செட் "சார்ஜ் ஏறவில்லை" என்று கடைக்கு ஓடுமுன் வயரை மாற்றிப் பாருங்கள். மலிவு மாதிரிகள் பலவற்றில் இரண்டு சிறிய ரெசிஸ்டர்களைச் செலவு கருதி விட்டுவிடுகிறார்கள். அதனால் இரு முனையும் டைப்-சி ஆன வயரில் ஏறாது. ஒரு முனை பழைய தட்டை யூஎஸ்பி ஆக உள்ள வயரில் ஏறும்.
- நல்ல கொம்பனியின் வேகச் சார்ஜரில் போடுவதால் கெடாது. ஹெட்செட் கேட்கும் அளவையே அது கொடுக்கும். பயப்பட வேண்டியது மோட்டார் சைக்கிளில் பூட்டும் மலிவு யூஎஸ்பி துளைக்கும், பெயரில்லாத சார்ஜருக்கும்.
- மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரை புளக்கிலிருந்தே கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்துவது போதாது.

வீதியில், தண்டவாளத்தில், காட்டோரத்தில்

ஹெட்செட் கெட்டால் இன்னொன்று வாங்கலாம், உயிர் போனால் வராது என்பதால் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் படிக்க வேண்டாம்.

1. புகையிரதக் கடவை. 2013 செப்டெம்பரில் யாழ்தேவி மீண்டும் கிளிநொச்சிக்கு வந்ததிலிருந்து வடக்குப் பாதையில் காவலாளியோ கதவோ இல்லாத கடவைகளில் விபத்துகள் நடந்திருக்கின்றன. கடவைக்கு முன்னால் இரண்டு காதிலிருந்தும் கழற்றுங்கள். ஒலியை நிறுத்துவது போதாது, செருகிய மூடியே வெளிச் சத்தத்தைத் தடுக்கிறது. தண்டவாளத்தில் நடைப்பயிற்சி செய்யவே வேண்டாம். அது சட்டப்படியும் குற்றம்.
2. ஏ9 வீதியில் நடப்பவர். வலப்பக்க ஓரமாக, வாகனத்தை எதிர்கொண்டு நடங்கள். வாகனம் போவது உங்கள் இடப்பக்கம் என்பதால் இடக் காது திறந்திருக்கட்டும்.
3. சைக்கிளில் போகிறவர். நீங்கள் இடப்பக்கம் போகிறீர்கள். டிப்பரும் பஸ்சும் பின்னாலிருந்து வலப்பக்கமாகக் கடக்கும். இடக் காதில் மட்டும் போட்டு வலக் காதைத் திறந்து விடுங்கள். கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும் நேரத்தில் அதுவும் வேண்டாம்.
4. மோட்டார் சைக்கிள். தலைக்கவசத்துக்குள் ஹெட்செட் கூடவே கூடாது.
5. இரைச்சல் நீக்கும் வசதி. பஸ் பயணத்தில், வீட்டில் நல்லது. வெளியில் ஓடும்போது நிறுத்திவிடுங்கள். "வெளிச் சத்தம் கேட்கும்" நிலை இருந்தால் அதில் வையுங்கள். தினமும் வீதியில்தான் ஓடுகிறீர்கள் என்றால் காதை மூடாத எலும்புவழி ஹெட்செட்டைப் பற்றி யோசிக்கலாம். விலை கூட, ஆனால் இரு காதும் திறந்திருக்கும்.
6. யானை. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, செட்டிகுளம் பக்கக் காட்டோர வீதிகளில் விடியலிலும் பொழுதுபட்ட பிறகும் ஒரு காதில்கூட வேண்டாம். கிளை முறியும் சத்தம்தான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.
7. வயலில். லான்ட்மாஸ்டர், நீர்ப்பம்பு, சூடடிக்கும் இயந்திரம் ஓடும்போது பாட்டுக் கேட்பவர் அந்த இரைச்சலை மிஞ்ச ஒலியைக் கூட்டுகிறார். காது இரண்டு பக்கத்தாலும் அடி வாங்குகிறது. மருந்தடிக்கும்போது போட்டால் மருந்து பட்ட கையால் தொட்டுக் காதுக்குள் வைக்கிறீர்கள்.

காது எவ்வளவு தாங்கும்?

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்: 80 டெசிபல் ஒலியைக் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 டெசிபல் ஆனால் 4 மணித்தியாலம், 100 டெசிபல் ஆனால் 20 நிமிடம். எண்ணை அளக்க வழியில்லாதவருக்கு ஒரு சோதனை: ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் ஒலி கூட. போனின் ஒலியளவு 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும். காதோடு சரியாகப் பொருந்தும் மூடி இருந்தால் அதற்கு மேல் தேவைப்படாது. பலர் ஒலியைக் கூட்டுவது மூடி தளர்வாக இருப்பதால்தான்.

குளத்திலோ கிணற்றடியிலோ குளித்த ஈரக் காதில் செருகாதீர்கள். ஈரமும் சூடும் மூடிய துளையும் பூஞ்சணத்துக்கு வாய்ப்பு. கடி, வலி, நீர் வடிதல் எதுவானாலும் ஹெட்செட்டை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள்; எண்ணெய் காய்ச்சி விட வேண்டாம். ஒரு ஹெட்செட்டை வீட்டில் எல்லோரும் பாவிக்கும் வழக்கம் இருந்தால் ஆளுக்கொரு சோடி சிலிக்கன் மூடியாவது வாங்கிவிடுங்கள்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் பார்க்க

- ஒரு பக்கம் ஒலி குறைவு: மூடிகளை இடம் மாற்றிப் பாருங்கள், வலையைத் துலக்குங்கள். போனின் அமைப்பில் இட-வல சமநிலை நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.
- ஒரு பட் மட்டும் ஏறவில்லை: உலோகப் புள்ளி. அல்கஹோல் பஞ்சால் பட்டையும் பெட்டிக்குள் இருக்கும் ஊசிகளையும் துடையுங்கள்.
- இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை: போனில் பதிவை நீக்கிவிட்டு, கையேட்டில் உள்ளபடி பொத்தானை அழுத்தி முதல்நிலைக்குக் கொண்டுவந்து திரும்ப இணையுங்கள்.
- இடையிடையே அறுகிறது: போன் இருக்கும் பையை மாற்றுங்கள். மனித உடல் புளூடூத் அலையைத் தடுக்கும். பின் பையில் இருந்த போனை முன் பைக்கோ கைப்பட்டிக்கோ மாற்றினாலே பல வேளை சரியாகிவிடும்.

உத்தரவாதம் கேட்டுப் போகும்போது

பெட்டி, பற்றுச்சீட்டு, வயர் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். நீர் புகுந்ததற்கு உத்தரவாதம் இல்லை என்று பல கொம்பனிகள் சிறு எழுத்தில் போட்டிருக்கும். பெட்டியில் ஐபிஎக்ஸ்5 என்று அச்சிட்டிருந்தாலும் அப்படித்தான். வாங்கும்போதே "நீர் பட்டால் மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டு, ஆம் என்றால் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். திருத்தக் கொழும்புக்கு அனுப்புவதாகச் சொன்னால் ஒப்படைத்த திகதியோடு ஒரு துண்டு வாங்குங்கள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். கடை கைவிரித்தால் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதை மறவாதீர்கள். தொலைபேசி எண் 1977. "அடுத்த கிழமை வாங்கோ, அடுத்த கிழமை வாங்கோ" என்று கடைக்காரர் இழுப்பதில் அந்த மூன்று மாதமும் கரைந்துவிடக் கூடாது.

எப்போது விடுவது, எங்கே போடுவது

ஒரு மணித்தியாலம்கூட ஓடவில்லை என்றால் இயர்பட்ஸின் காலம் முடிந்தது. நெக்பேண்ட் என்றால் பற்றரி மாற்ற எவ்வளவு என்று திருத்துபவரிடம் கேளுங்கள். புதியதன் விலையில் மூன்றில் ஒன்றுக்குள் என்றால் மாற்றலாம்.

சார்ஜ் போடும்போது தொட முடியாத சூடு, பெட்டி உப்பிப் பிளந்து நிற்பது, இனிப்பு கலந்த இரசாயன மணம்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தக் கணமே சார்ஜரைக் கழற்றி, முற்றத்தில் எரியக்கூடிய எதுவும் இல்லாத இடத்தில், மணல் போட்ட தகரப் பேணிக்குள் வையுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது.

பழைய ஹெட்செட்டை வளவுக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். லித்தியம் பற்றரி நெருப்பில் வெடிக்கும், புகையும் நஞ்சு. உலோகப் புள்ளிகளின் மேல் செலோடேப் ஒட்டி, தனிப் போத்தலில் போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நகரத்துக்குப் போகும் நாளில் மின்னணுக் கழிவு எடுக்கும் தொலைபேசிச் சேவை நிலையத்திலோ, போன் திருத்தும் கடையிலோ கொடுத்துவிடுங்கள். திருத்துபவர் மகிழ்ச்சியோடு வாங்குவார். நெக்பேண்டின் சின்ன ஸ்பீக்கரும் காந்தமும் அடுத்தவரின் ஹெட்செட்டுக்குப் போகும்.